வளைவில் தள்ளுவது ‘போலி’ விசைதான்... ஆனால் விழுவது நிஜம்!

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரியும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வலப்பக்கம் திரும்பினால் உடம்பு இடப்பக்கம் சாயும். ‘யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரியே இருக்கு’ என்பார்கள். உண்மையில் தள்ளுவது யார்?

பள்ளியில் படித்த பதில்: மையவிலக்கு விசை. அது ஒரு போலி விசை. சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசையே கிடையாது. பயணியின் உடம்பு நிலைமத்தால் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ்தான் திரும்புகிறது. பஸ்ஸோடு சேர்ந்து திரும்புகிறவருக்கு மட்டும் அது வெளிப்பக்கத் தள்ளலாகத் தெரிகிறது.

தேர்வுக்கு இந்த பதில் போதும். சாலைக்குப் போதாது. ‘போலி’ என்ற சொல் மனதில் நிற்கிறது. வேகம் இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும் என்பது மறந்துபோகிறது. உயிரைக் காப்பது இரண்டாவதுதான்.

15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், 60 கிலோ எடையுள்ள ஒருவர் உணரும் தள்ளல் சுமார் 13 கிலோ எடைக்குச் சமம். சமாளித்துவிடலாம். 40 கி.மீ. வேகம் என்றால்? சுமார் 50 கிலோ! படியில் தொங்குகிறவரின் ஒற்றைக் கை இதைத் தாங்குமா?

வண்டிக்கும் இதே கணக்குதான். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியை உள்பக்கமாகத் திருப்புகிறது. அந்த 40 கி.மீ. வேகத்தில், வண்டியின் எடையில் 80 சதவீதத்துக்கும் மேலான பிடிமானம் தேவை. காய்ந்த சாலையிலேயே அது கஷ்டம். மழையில் கேட்கவே வேண்டாம். பிடி விட்டால் வண்டி வளைவை விட்டு வெளியே போய்விடும். வளைவுக்குள் வந்தபிறகு பிரேக்கை அழுத்தினால், மிச்சமிருக்கும் பிடிமானத்தையும் பிரேக் பங்குபோட்டுக்கொள்ளும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்கச் சொல்வது இதனால்தான்.

பைக் லைசென்ஸுக்கு ‘எட்டு’ போடச் சொல்கிறார்கள். அங்கே வேகம் குறைவு என்பதால், இந்தக் கணக்கு தெரியாமலே பாஸ் ஆகிவிடலாம். இயற்பியல் வகுப்பும் டிரைவிங் ஸ்கூலும் இதை எண்களோடு சொல்லித்தர வேண்டும். வளைவுக்கு முன் நிற்கும் வேகப் பலகையைப் பலர் வெறும் அறிவுரையாகக் கடந்துபோகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்த நான்கு மடங்குக் கணக்குதான்.