வண்ணம் ஏறுமுன் வாருங்கள்



சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அதன் இடத்துக்கு 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் வருகிறது. எந்தப் புல எண்ணில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் செங்கல்லே வைக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தின் நில உபயோக வரைபட வண்ணங்களில் முடிவாகும். ‘குடியிருப்பு’ என்று வண்ணம் ஏறிவிட்டால், பிறகு பொக்லைன் முன்னால் நின்று “இது ஏரிக் கால்வாய்” என்று கத்திப் பயனில்லை. கட்டுகிறவர் கையில் அனுமதி இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடி வளாகம் ஒன்றில் கார்கள் ஒன்றையொன்று இடித்தபடி மிதந்து போனதை நாடே கைபேசியில் பார்த்தது. மழை மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் வழிதவறி வரவில்லை; தன் வழியில்தான் வந்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் தாண்டி நன்மங்கலம் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, அடுத்து நாராயணபுரம், அப்புறம் பள்ளிக்கரணைக் கழுவெளி. இப்படிப் பல ஏரிகளின் மிகுதிநீர் அங்கே கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைத் தொடும். ஒரு காலத்தில் சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்த சதுப்பு பள்ளிக்கரணை. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபோது அதன் பரப்பு சுமார் 1,248 எக்டேர்தான். மீதியைப் பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும் கணினி நிறுவன வளாகங்களும் தின்றுவிட்டன.

இந்த ஒரு நீர்வழிக்குள் தாம்பரம் மாநகராட்சி, நன்மங்கலம் ஊராட்சி, சென்னை மாநகராட்சி, நீர்வளத் துறை, வனத் துறை எனப் பல கைகள். ஆளாளுக்குத் தம் எல்லைக்குள் வடிகால் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். வார்டுக்கு வார்டு போடும் திட்டத்தால் இதற்கு விடிவு கிடையாது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும். அதில் முதல் கோடு தண்ணீருக்குப் போடப்பட வேண்டும். சாலையும் மெட்ரோவும் மனைப்பிரிவும் அதற்குப் பிறகுதான்.

நடக்காத காரியம் என்பார்கள். ஆனால் பழைய திட்டங்களே செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பரப்பிலும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தவைதான். அதே கட்டுப்பாட்டைப் பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகள், கால்வாய்கள் அத்தனைக்கும் கேட்போம். பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி, அரக்கோணம் வரை நீட்டியிருக்கிறார்கள். இப்போது நாம் சும்மா இருந்தால் திருவள்ளூர், காஞ்சிபுரம் ஏரிப் பாசன வயல்களுக்கும் பள்ளிக்கரணையின் கதிதான்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளை ‘ஆக்கிரமிப்பு’ என்று இடித்து, அந்த மக்களைச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அதுவும் தண்ணீர் தேங்கும் தாழ்நிலம்! ஏழையை விரட்டுவதற்கும், பெரிய வளாகத்துக்கு மட்டும் வரன்முறை செய்து கொடுப்பதற்கும் பசுமைப் பேச்சைக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு நம் மேடையில் இடமில்லை.

எனவே இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். குடியிருப்போர் சங்கத்தார், மீனவர், விவசாயி, மாணவர் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். கிராம வரைபடத்தையும், புல எண் வாரியாக நில விவரம் தரும் அ-பதிவேட்டையும் எடுத்து ஏரி, ஓடை, கால்வாய், மேய்க்கால் ஒவ்வொன்றின் புல எண்ணையும் குறியுங்கள். 2015இலும் 2023இலும் வெள்ளம் எந்தச் சுவர்வரை ஏறியது என்று தெருவில் கேளுங்கள். கறை இன்னும் இருந்தால் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். நாளிதழ் மூலையில் பொடி எழுத்தில் வரும் ‘நில உபயோக மாறுதல்’ அறிவிப்புகளைப் படிக்கத் தெருவுக்கு ஒருவரை நியமியுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆவேசமாகப் பேசிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். கைதட்டலைக் கோப்பில் சேர்க்க மாட்டார்கள். புல எண்ணோடு ஆட்சேபணையை எழுதி, ஊரே கையெழுத்திட்டு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும (சிஎம்டிஏ) அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.