ஊராட்சித் தேர்தல் செலவுக் கணக்கு: எங்கள் நிலைப்பாடு

திருக்கடையூரிலும் செம்பனார்கோவில் ஒன்றியத்தின் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உள்ள வாக்காளர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம், மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒன்றைத்தான் கேட்கிறது. ஊராட்சித் தேர்தலில் நின்றவர் கொடுக்கும் செலவுக் கணக்கை ஒன்றிய அலுவலகத்தில் வாங்கிக் கட்டி வைத்தால் போதாது. அந்தக் கணக்கை ஊரார் முன் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

2019 டிசம்பர் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காதவருக்கு மூன்று ஆண்டு போட்டியிடத் தடை உண்டு. ஆக, கொடுக்காதவருக்குத் தண்டனை இருக்கிறது. பொய்க் கணக்குக் கொடுத்தவரை யார் பிடிப்பது? ஆட்டோ வாடகையும் நோட்டீஸ் அச்சுக்கூலியும் தாளில் ஏறும். வாக்குக்குக் கைமாறும் பணம் ஏறாது. எங்கள் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் ஓயாமல் நடக்கும் ஊர் இது. மண்டபத்தில் போட்ட பந்தியில் எது விசேஷச் சாப்பாடு, எது வேட்பாளர் சாப்பாடு என்று வெளியூர் அதிகாரிக்குத் தெரியாது, தெருக்காரருக்குத் தெரியும்.

பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்த முடியும் என்பதைத் தஞ்சாவூர் பார்த்திருக்கிறது. 2016 மேயில் தஞ்சாவூர், அரவக்குறிச்சித் தொகுதிகளின் தேர்தலை இந்தியத் தேர்தல் ஆணையம் ரத்து செய்து, நவம்பர் 19 அன்று மறுபடி நடத்தியது. அடுத்து 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் செலவுப் பார்வையாளர்களும் பறக்கும் படையும் வருகிறார்கள். ஊராட்சித் தலைவர் பதவி சின்னது, அதற்கு இவ்வளவு கண்காணிப்பு எதற்கு என்று நினைப்பவர்கள், ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுவது அவரும் துணைத் தலைவரும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். செலவழித்தவர் அதை எங்கே திரும்ப எடுப்பார் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

லோக் ஆயுக்தா இருக்கிறதே என்கிறார்கள். 2018 சட்டப்படி அமைந்த அது, பதவிக்கு வந்தவர்கள் மீதான ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு. பதவிக்கு வரும் வழியில் இறைத்த பணம் அரசியல் சட்டத்தின் 243கே பிரிவுப்படி தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு.

எனவே, ஒவ்வொரு வேட்பாளரின் கணக்கும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கிராம சபையில் அதை வாசித்து, வரும் ஆட்சேபங்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். ஆட்சேபத்தை விசாரிப்பவர் அந்த ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலராக இருக்கக் கூடாது. ஜெயித்தவரோடு ஐந்து வருடம் வேலை பார்க்க வேண்டியவர் அவர்.

உச்சவரம்பை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் சரிபார்க்கும் ஏற்பாடு அதற்கு முன் வர வேண்டும். 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வெளியாகும் முன்பே இந்த விதியை ஆணையம் தன் உத்தரவு வழியாகக் கொண்டுவர வேண்டும். அறிவிப்புக்குப் பின் மாற்றினால் அது நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.