விடுதலைப் பத்திரத்தில் யாருக்கு விடுதலை? பெண்ணியம் பற்றிய 5 தவறான எண்ணங்கள்

பெண்ணியம் என்றதும் பலருக்கும் டி.வி விவாதமும் இன்ஸ்டாகிராம் சண்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தச் சொல்லுக்கு உண்மையான பரீட்சை நடக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்த சில மாதங்களில், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்குவார்கள். அதில் மகனோடு மகள்களின் பெயரும் இருக்கும். அடுத்து, கட்டிக்கொடுத்த மகளுக்கு போன் போகும். "ஒரு கையெழுத்து போடணும்மா. ஆதார் கார்டை எடுத்துட்டு வா, மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்." அவள் கையெழுத்து போடுவதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். நிலத்தில் தனக்குள்ள பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம்.

பெண்ணியம் என்பதன் பொருள் ரொம்ப எளிது. பெண்ணாகப் பிறந்த காரணத்துக்காக யாருக்கும் உரிமை குறையக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஐந்து தவறான எண்ணங்களை இந்தப் பத்திரத்தை வைத்தே பார்க்கலாம்.

1. "அதெல்லாம் சிட்டி பொண்ணுங்க பேசுறது!"

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல்லும் மல்லாட்டையும் முக்கியமான பயிர்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, மல்லாட்டை ஆய்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. ஆனால், சிட்டாவில் இருப்பது பெரும்பாலும் ஆணின் பெயர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்துப் பயிர் செய்பவர்களில் பெண்கள் சுமார் 14 சதவிகிதம்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் போவது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கு. பயிர்க்கடனுக்கும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். வயலில் காலம் முழுக்கக் குனிந்தவள், காகிதத்தில் விவசாயியே இல்லை. இது சிட்டி பிரச்னையா?

2. "கல்யாணத்துல செஞ்ச சீர்தான் அவ பங்கு!"

அதிகம் பேர் நம்பும் எண்ணம் இதுதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. 3 ஏக்கர் நிலம், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால் ஆளுக்கு 75 சென்ட். போட்ட நகையை இதில் கழிக்க முடியாது. (உயில் இருந்தால் அதன்படிதான் போகும். மற்ற மதத்தினருக்கு வேறு சட்டங்கள்.)

பூர்வீகச் சொத்தின் கதை வேறு. அதில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை இருந்தது, மகளுக்கு இல்லை. பெண்களுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். அது இங்கே சட்டமாக 60 வருடங்கள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் அந்த உரிமை வந்தது. ஆனால், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல், வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இன்னொன்று, நகைக்கு நேரும் கதி எல்லா வீட்டிலும் தெரியும். கணவரின் தொழிலுக்கோ, மாமியார் வைத்தியத்துக்கோ முதலில் அடகுக்குப் போவது அதுதான். நிலம் அப்படியே இருக்கும்.

3. "பங்கு கேட்டா தாய்வீடு அத்துப்போகும்!"

மற்றவற்றை விட்டுத்தள்ளலாம். இது அப்படியல்ல, நிஜமான பயம். சொத்து வேண்டாம் என்று சொல்லும் பெரும்பாலான பெண்கள் சட்டம் தெரியாததால் சொல்வதில்லை. பொங்கலுக்கு வாசலில் வந்து நிற்கும் அண்ணன், காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்திக்கொள்ளும் தாய்மாமன், புகுந்த வீட்டில் ஏதாவது என்றால் போய் நிற்க ஓர் இடம்... இதையெல்லாம் காப்பாற்றிக்கொள்ளவே கையெழுத்து போடுகிறார்கள்.

ஆனால், ஒன்றை யோசிக்க வேண்டும். போய் நிற்க இடம் வேண்டும் என்பதற்காக, போய் நிற்கும் உரிமையையே எழுதிக்கொடுப்பது என்ன கணக்கு? 2005 வரை சட்டமே இப்படித்தான் இருந்தது. அப்பா விட்டுப்போன வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகளுக்கு அங்கே தங்கும் உரிமையும் கல்யாணமாகாதவர், விதவை, கணவரைப் பிரிந்தவர், கணவரால் கைவிடப்பட்டவர் என்றால்தான். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2005-ல்தான். சட்டம் கைவிட்ட பழக்கத்தைக் குடும்பங்கள் இன்னும் கைவிடவில்லை.

4. "பெண்ணியம்னா ஆம்பளைங்களுக்கு எதிரி!"

இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை முக்கியக் காரணமாகச் சொல்லி, 1951-ல் மத்திய சட்ட அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர் அம்பேத்கர். சுயமரியாதை மேடைகளில் பெண்களின் சொத்துரிமைக்காக ஓயாமல் பேசியவர் பெரியார். இரண்டு பேரும் ஆண்கள்தான்.

இந்தப் பழைய ஏற்பாட்டில் ஆணும் நிம்மதியாக இல்லை. தங்கை கல்யாணத்துக்குக் கடன், அப்புறம் தலைப்பொங்கல் சீர், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மாமன் சீருக்கே வட்டி கட்டும் அண்ணன்கள் ஊருக்கு ஊர் உண்டு. பங்கைக் கொடுக்காத குற்றவுணர்வும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். உரியதை உரிய நேரத்தில் பிரித்துக்கொண்டால் அண்ணன் தங்கைக்கு நடுவில் கடன் இருக்காது, பாசம் மட்டும் இருக்கும்.

5. "பஸ் ஃப்ரீ, மாசம் ஆயிரம்... இன்னும் என்ன வேணும்?"

2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும், 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் பெண்கள் கையில் கொஞ்சம் பணத்தையும், வெளியே கிளம்பும் துணிச்சலையும் கொடுத்திருக்கின்றன. அரசு கொடுப்பது அது. வீடு கொடுக்க வேண்டியதை அரசு ஈடுகட்ட முடியாது. மகனுக்கு நிலமும் மகளுக்கு பஸ் டிக்கெட்டும் சமம் ஆகிவிடாது.

அப்படியானால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தே போடக் கூடாதா? அப்படியில்லை. நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்காக மனமுவந்து விட்டுக்கொடுக்கும் அக்காவைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அவளிடம் கேட்டார்களா, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்பதுதான் விஷயம். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

* பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, நம்பிக்கையான ஒருவரை வைத்து முழுக்கப் படிக்க வேண்டும்.
* சர்வே எண், பரப்பளவு, இன்றைய விலை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.
* பணம் பெற்றுக்கொண்டதாக எழுதியிருந்தால், அந்தத் தொகை உண்மையிலேயே கைக்கு வந்திருக்க வேண்டும்.
* பதிவான பத்திரத்தைச் சும்மா மாற்ற முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அடுத்த முறை "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்று போன் வந்தால், "படிச்சுப் பார்த்துட்டு வரேண்ணா" என்று சொல்வதில் எந்தப் பகையும் இல்லை. அண்ணனும் "சரிம்மா, பொறுமையாப் படி" என்று சொல்லிவிட்டால், பெண்ணியம் என்ற சொல் தெரியாமலேயே அந்த வீட்டுக்குள் அது வந்துவிட்டது என்று அர்த்தம்.