‘சின்ன ஸ்கிரிப்ட்தானே’ எண்டு சொல்லாதீங்கோ

“சின்ன ஸ்கிரிப்ட்தானே, நான் மட்டும்தானே பாவிக்கிறன், இதுக்கு எதுக்கு ஒப்ஷன் எல்லாம்?” ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிற எங்கட ஆக்களிடம் அடிக்கடி கேட்கிற வசனம் இது. நல்லாய் எழுதத் தெரிந்தவர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள். நாற்பது வரியில் ஒரு முழு ஹார்ட் டிஸ்க்கையே பிரதி எடுப்பார்கள், ஆயிரம் படங்களுக்கு ஒரே அடியில் பெயர் மாற்றுவார்கள். ஆனால் அந்த ஸ்கிரிப்டிடம் ஒரு மனிசர் எப்படிக் கதைக்கவேணும் என்ற இடம் வந்தால் மட்டும் $1, $2, $3 எண்டு போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

இதை எளிமை எண்டு சொல்லி ஏமாத்தக்கூடாது. இது பஞ்சி. அதிலும் அடுத்தவரின் தலையில் விழுகிற பஞ்சி. கட்டளை வரியில் வருகிற ஒப்ஷன்களைப் பிரித்து வாசிக்கிற பகுதி, நேரம் மிஞ்சினால் செய்கிற அலங்காரவேலை இல்லை. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் மனிசர் சொல்வதைக் கேட்கிற இடம் பெரும்பாலும் அது ஒண்டுதான். அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு மிச்ச இடத்தில் எவ்வளவு கெட்டித்தனம் காட்டினாலும் பிரயோசனம் இல்லை.

ஒரு உதாரணம் பாருங்கோ. பக்அப் எடுக்கிற ஒரு ஸ்கிரிப்ட். அதை இப்படித்தான் கூப்பிடவேணும்:

காப்பெடு /படங்கள் /வெளிவட்டு 7 1

7 என்றால் என்ன? ஏழு நாளா, ஏழு பிரதியா? கடைசியில் நிற்கிற 1 எதுக்கு? எழுதினவருக்கு இண்டைக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவருக்கே தெரியாது. அவர் வெளிநாடு போனபிறகு அந்தக் கணினியைப் பொறுப்பெடுக்கிற தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து முதல் இரண்டிலும் இருக்கிறது. உள்ளே ஆர்சிங்க் ஓடுகிறது, அதோடு ‘மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழி’ என்கிற டிலீட் ஒப்ஷனும் போட்டிருக்கிறது என்று வையுங்கோ. யாரோ அவசரத்தில் இரண்டு பாதையையும் இடம்மாத்தி அடிக்கிறார். வெளிவட்டு புதுசு, வெறுமை. அந்த வெறுமை ‘மூலம்’ ஆகிறது. மூலத்தில் ஒண்டும் இல்லை, ஆகவே இலக்கிலும் ஒண்டும் இருக்கக்கூடாது. பத்து வருசப் படங்களும் போய்விடும். ஸ்கிரிப்டில் ஒரு பிழையும் இல்லை. சொன்னதைச் செய்தது. சொல்கிற முறையை அப்படி வைத்ததுதான் பிழை. இதையே ‘--இருந்து /படங்கள் --இடம் /வெளிவட்டு --நாள் 7’ எண்டு கேட்டிருந்தால், எந்த ஒழுங்கில் அடித்தாலும் அர்த்தம் மாறாது. மூலம் வெறுமையாய் இருந்தால் நிற்பாட்டுகிற ஒரு சோதனையையும் சேர்த்துவிட்டால் அந்தப் பிழை நடக்கவே நடக்காது.

“பெயர் வைச்சால் அடிக்க நேரம் போகும்” எண்டு சிலர் சொல்லுவினம். அழிந்த படங்களைத் தேட எவ்வளவு நேரம் போகும் எண்டு அவர்களைத்தான் கேட்கவேணும்.

இதற்குக் கீழே இன்னும் அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. கட்டளை வரியில் வருகிற ஒரு சொல், கட்டளையா அல்லது பொருளா? யூனிக்ஸ் உலகத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவது ஒரு சின்னக் கோடுதான். முன்னுக்கு ‘-’ இருந்தால் அது ஒப்ஷன், இல்லாவிட்டால் கோப்பின் பெயர். ஆனால் கோப்பின் பெயரே கோட்டில் தொடங்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஒரு அடைவுக்குள் ‘-ஆர்எஃப்’ என்ற ஆங்கில எழுத்துக்களில் ஒரு கோப்பு இருக்கிறது, நீங்கள் அங்கே நின்று ஆர்எம் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போடுகிறீர்கள் எண்டு வையுங்கோ. ஷெல் அந்த நட்சத்திரத்தை எல்லாக் கோப்புப் பெயராகவும் விரிக்கும். ஆர்எம் அந்தக் கோப்பைக் கோப்பாகப் பார்க்காது, ‘உள்ளடைவுகளையும் சேர்த்து, கேட்காமல் அழி’ என்ற உத்தரவாக எடுக்கும். பொருள் கட்டளையாக மாறிவிட்டது.

இதுக்கு மருந்து பழையது: இரட்டைக் கோடு, ‘--’. இதுக்குப் பிறகு வருவதெல்லாம் பொருள்தான், கட்டளை இல்லை என்று அர்த்தம். உங்கட ஸ்கிரிப்ட் இதை மதிக்கிறதா? உள்ளே நீங்கள் கூப்பிடுகிற கட்டளைகளுக்கு இதைக் கொடுக்கிறீர்களா? கனபேரின் பதில் ‘இல்லை’தான்.

இது வீட்டு ஸ்கிரிப்டில் மட்டும் நடக்கிற விளையாட்டு எண்டு நினைக்கவேண்டாம். 1994 இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸிலும் சில லினக்ஸ்களிலும் ஒரு ஓட்டை வெளியே வந்தது. தூரத்திலிருந்து உள்நுழைகிறவர் தன் பெயரை ‘-எஃப்ரூட்’ எண்டு கொடுத்தால் போதும். அந்தப் பெயர் அப்படியே லொகின் நிரலுக்குப் போனது. லொகினுக்கு ‘-எஃப்’ என்றால் ‘இவரை ஏற்கெனவே சோதிச்சாச்சு, கடவுச்சொல் கேட்காதே’ என்று அர்த்தம். கடவுச்சொல் இல்லாமல் ரூட் கணக்கு திறந்தது. பதின்மூன்று வருசம் கழித்து, 2007 இல், சொலாரிஸ் 10 இன் ரெல்நெற்றில் அதே வகை ஓட்டை. பெயர் ஒண்டு கட்டளையாக வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

2012 மே மாதம் பிஎச்பியின் முறை. சிஜிஐ முறையில் ஓடுகிற பிஎச்பி தளங்களில், முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ‘-எஸ்’ எண்டு அடித்தால் பக்கத்துக்குப் பதிலாக அதன் மூலநிரல் வந்தது. உலாவியில் அடித்தது, சேர்வரில் கட்டளை வரி ஒப்ஷனாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ‘-டி’ எண்டு அடித்து அமைப்புகளை மாத்தினால் சொந்த நிரலையே ஓடவைக்கலாம். அதை அடைத்தார்கள். 2024 இல் அது வேறு வேசத்தில் திரும்பி வந்தது. சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ் கணினிகளில் ‘மென்கோடு’ என்ற இன்னொரு எழுத்து சத்தமில்லாமல் சாதாரணக் கோடாக மாற்றப்பட்டது. காவலாளி சாதாரணக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், அது மாறுவேடத்தில் பக்கத்தால் போய்விட்டது.

2017 ஓகஸ்டில் கிட், மேர்க்கூரியல், சப்வேர்ஷன் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் அவசரத் திருத்தம் வந்தது. காரணம், கோட்டில் தொடங்குகிற சேர்வர் பெயர். அதை எஸ்எஸ்எச்சுக்குக் கொடுத்தபோது எஸ்எஸ்எச் அதைப் பெயராக எடுக்கவில்லை, ஒப்ஷனாக எடுத்தது. ஒரு முகவரியைப் பிரதி எடுக்கப்போய், அடுத்தவரின் கட்டளையை உங்கட கணினியில் ஓட்டுகிற நிலை.

உலகம் முழுக்கப் பாவிக்கிற மென்பொருள்களுக்கே முப்பது வருசமாக இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப வழுக்கியிருக்கிறது. அப்போ “என்ர சின்ன ஸ்கிரிப்டுக்குத் தேவையில்லை” எண்டு சொல்ல எங்களுக்கு எங்கிருந்து துணிவு வருகிறது?

சரி, என்ன செய்யவேணும்? பெரிய வேலை ஒண்டும் இல்லை. ஷெல்லுக்குள்ளேயே கெட்ஒப்ட்ஸ் இருக்கிறது. 1986 இல் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் ஷெல்லோடு வந்தது, இப்போது பொசிக்ஸ் தரத்தில் இருக்கிறது, உங்கட லினக்ஸிலும் மக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. எந்த எழுத்துகளை ஏற்பது, எதுக்குப் பின்னால் ஒரு மதிப்பு வரவேணும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், ஒட்டி எழுதின ஒப்ஷன்களைப் பிரிப்பது, மதிப்பை எடுத்துத் தருவது, இரட்டைக் கோட்டில் நிற்பது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். சுழற்சி, அதுக்குள்ளே ஒரு கேஸ், முடிவில் ஒரு ஷிஃப்ட். பதினைந்து வரி.

நீளமான பெயர்கள் வேணுமென்றால் கெட்ஒப்ட்ஸ் உதவாது, உண்மைதான். அப்போ ஒரு வைல் சுழற்சியும் கேஸும் போட்டு நீங்களே பிரியுங்கோ. ஆனால் மேலே கெட்ஒப்ட்ஸ் செய்கிற அத்தனையையும் நீங்கள்தான் ஒழுங்காய்ச் செய்யவேணும். பெயர் ஒத்த பழைய ‘கெட்ஒப்ட்’ என்ற வெளிக்கட்டளையோடு குழம்பவேண்டாம். அதன் பழைய வடிவங்களுக்கு இடைவெளி உள்ள பெயர்களைக் கையாளத் தெரியாது.

எதைப் பாவித்தாலும் நாலு விசயத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

தெரியாத ஒப்ஷன் வந்தால் நிற்கவேணும். பிழைச்செய்தியைப் பிழைக்கான வெளியீட்டில் போட்டு, வழமைப்படி 2 என்ற எண்ணோடு வெளியேறவேணும். ‘விளங்கேல்ல, பரவாயில்ல, தொடருவம்’ என்கிற ஸ்கிரிப்ட் ஆபத்தானது.

மதிப்பு வெறுமையா எண்டு பார்க்கவேணும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீமின் ஸ்கிரிப்ட் ஒண்டு, ஒரு மாறி வெறுமையாய் இருந்ததால், தன் அடைவுக்குப் பதிலாக அந்தப் பயனர் அழிக்கக்கூடிய எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கியது. அந்த வரிக்கு மேலே ‘பயமாயிருக்கு’ என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள். பயந்தவர் ஒரு சோதனையை எழுதியிருக்கலாம்.

உதவி கேட்டால் உதவி தரவேணும், வேலையைத் தொடங்கக்கூடாது. அழிக்கிற வேலை எண்டால், செய்யாமல் ‘இதைத்தான் செய்யப்போறன்’ எண்டு மட்டும் காட்டுகிற ஒரு ஒப்ஷன் இருக்கவேணும்.

நாலாவது, "$@" ஐ மேற்கோளுக்குள் வையுங்கோ. எங்களுக்கு இது வெறும் நுணுக்கம் இல்லை. ‘ஊர்த் திருவிழா 2019’ எண்டு இடைவெளி விட்டுத்தான் எங்கட ஆக்கள் அடைவுகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். மேற்கோள் இல்லாவிட்டால் உங்கட ஸ்கிரிப்டுக்கு அது ஒரு அடைவு இல்லை, மூன்று. அப்போது “பெயரில் இடைவெளி விடாதீங்கோ” எண்டு அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறோம். பாடம் எடுக்கவேண்டியது எங்களுக்கு.

இதோடு சேர்ந்த இன்னொரு கதை. கட்டளையை வேர்டில் எழுதி, அங்கிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து பிரதி எடுத்து ஒட்டுகிறவர்கள் கனபேர். வேர்ட் இரட்டைக் கோட்டை ஒரு நீளக் கோடாக ‘அழகாக்கி’ விடும். கண்ணுக்கு ஒண்டுதான், ஷெல்லுக்கு அது ஒப்ஷனே இல்லை, ஒரு கோப்பின் பெயர். எத்தனை பொருள் வரவேணும் எண்டு எண்ணிப் பார்க்கிற ஸ்கிரிப்ட் இதிலேயே பிடித்துவிடும். எண்ணாதது அந்தப் பெயரோடு ஏதோ செய்துவிட்டு ‘முடிஞ்சுது’ எண்டு சொல்லும்.

“பழைய கருவிகளே ஒழுங்கில்லையே, நாங்கள் மட்டும் ஏன்?” எண்டு கேட்கலாம். உண்மை. எஸ்எஸ்எச்சில் போர்ட்டுக்குச் சின்ன பி, எஸ்சிபியில் பெரிய பி. டாரில் ‘-சிவிஎஃப்’ சரி, ‘-சிஎஃப்வி’ எண்டு அடித்தால் ‘வி’ என்ற பெயரில் ஒரு கோப்பு வரும், ஏனென்றால் எஃப்புக்குப் பின்னால் வருவதெல்லாம் கோப்பின் பெயர். இந்தக் குழப்பங்கள் நாற்பது, ஐம்பது வருசப் பழக்கத்தின் மிச்சம். அவற்றை மாத்தினால் உலகத்தில் இருக்கிற எத்தனையோ ஸ்கிரிப்ட்கள் உடையும். உங்கட ஸ்கிரிப்ட் போனகிழமை எழுதினது. அதுக்கு அந்தச் சாட்டு இல்லை.

“பைதனில் எழுதலாமே?” தாராளமாய். ஒப்ஷன்கள் பத்தைத் தாண்டினால் எழுதத்தான் வேணும். ஆனால் “ஒருநாள் பைதனுக்கு மாத்துவன்” என்பதை, இண்டைக்கு $1 ஓடு விடுவதற்குச் சாட்டாக ஏற்கமுடியாது.

இன்னொண்டும் சொல்லவேணும். எங்கட குழுக்களுக்குள், எங்கட ஆக்களுக்காக எழுதுகிற ஸ்கிரிப்டில் உதவிச் செய்தி ஏன் அரைகுறை ஆங்கிலத்தில் இருக்கவேணும்? தமிழில் எழுதினால் ரெர்மினல் கோவிக்காது. பாஷில் நீளமான ஒப்ஷன் பெயரையே தமிழில் வைக்கலாம், கேஸ் அதைப் பொருத்திக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் பயந்து ரெர்மினலைத் தொடாமல் இருக்கிற ஒருவருக்கு, ‘வெளிவட்டு எங்கே எண்டு --இடம் போட்டுச் சொல்லுங்கோ’ என்ற ஒரு வரி கதவைத் திறக்கும்.

2017 பெப்ரவரி 28 அன்று அமேசனின் எஸ்3 சேவை மணிக்கணக்காய் விழுந்தது. காரணம், சில சேர்வர்களை மட்டும் எடுக்கவேண்டிய ஒரு கட்டளைக்குக் கொடுத்த ஒரு உள்ளீடு பிழைத்துப்போனது. நிறையச் சேர்வர்கள் போய்விட்டன. பிறகு அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில் ‘அடித்தவர் கவனமாய் இருந்திருக்கவேணும்’ எண்டு முடிக்கவில்லை. கருவியைத் திருத்தினார்கள். மெதுவாகத்தான் எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாது. பிழை அடிப்பது மனிசரின் இயல்பு. அதைப் பிடிக்கிறது ஸ்கிரிப்டின் வேலை.

ஆகவே ஒரு சோதனை. நீங்கள் எழுதி, இப்போது வேறு யாரோ பாவிக்கிற ஒரு ஸ்கிரிப்டை எடுங்கோ. முக்கியமான ஒண்டும் இல்லாத ஒரு அடைவில் அதன் பிரதியை வைத்து, ‘-எச்’ மட்டும் போட்டு ஓட்டுங்கோ. உதவி வந்தால் நல்லது. அந்தக் கோட்டையும் எழுத்தையும் ஒரு கோப்பின் பெயரென்று எடுத்து அது வேலையைத் தொடங்கினால், பாவிக்கிறவரிடம் அதைத் திரும்ப வாங்குங்கோ. பதினைந்து வரி எழுதிச் சேர்த்துவிட்டுக் குடுங்கோ.