மூணாறு குட்டி ரெயில் மறுபடி வந்தால் போடிக்கு என்ன கிடைக்கும்?

சின்னமனூர்:

சின்னமனூர்க்காரர் ரெயில் ஏறணும்னா இன்னைக்கும் தேனிக்கோ போடிக்கோதான் போகணும். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நமக்கு மேற்கே மலை உச்சியில் 'குப்குப்'னு நீராவி ரெயில் ஓடியிருக்கிறது.

மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மாடுகள் வண்டியை இழுத்தன. 1908-ல் அது 2 அடி அகல பாதையாக மாறியது. குட்டி நீராவி என்ஜின் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரெயிலில் வரும். அங்கிருந்து ரோப் காரில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போகும்.

1924 ஜூலையில் பெய்த பேய் மழையில் பாதை அடித்துக்கொண்டு போனது. அதோடு சரி, திரும்ப யாரும் போடவில்லை. மூணாறு தேயிலை மியூசியத்தில் இப்போது பார்க்கக் கிடைப்பது அந்த என்ஜினின் ஒரு சக்கரம்தான்.

பாட்டியாலா தப்பியது

பஞ்சாப் பாட்டியாலாவிலும் இதே மாதிரி ஒற்றைத் தண்டவாள ரெயில் இருந்தது. 1927-ல் நின்று போனது. 35 வருஷம் கழித்து, 1962-ல், குப்பையாகக் கிடந்த என்ஜினை ஒருவர் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் ரெயில்வே பணிமனையில் பழுது பார்த்தார்கள். டெல்லி ரெயில் மியூசியத்தில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. நாம் சக்கரத்தோடு நிற்கிறோம். அங்கே முழு என்ஜினே மிஞ்சியது. பழைய இரும்பு என்று எடைக்குப் போடாமல் விட்டதுதான் வித்தியாசம்.

பெயிண்ட் அடித்தால் போதுமா?

பெயிண்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவது சுலபம். ஓட வைப்பதுதான் வேலை. பாய்லர் குழாய்களைக் கழற்றி, துருப்பிடித்ததை மாற்றணும். பிறகு தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே நெருப்பு மூட்டலாம்.

இதைத் தெரிந்த தொழிலாளிகள் நம்ம திருச்சி பொன்மலையிலேயே இருக்கிறார்கள். ஊட்டி மலை ரெயிலுக்கு அங்கே நீராவி என்ஜினைப் புதுசாகவே செய்கிறார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் என்ஜினும் தயாராகி வந்தது. ஊட்டிப் பாதை வேறு அளவு, பல்சக்கரம் வைத்தது. ஆனாலும் பாய்லர் வேலை தெரிந்த கைக்கு 2 அடி என்ஜின் பெரிய விஷயம் இல்லை.

இப்பவே கேட்கணும்

மூணாறு ரெயிலை மீண்டும் கொண்டுவரலாம் என்று 2019-ல் கேரளத்தில் பேச்சு எழுந்தது. "நம்ம ஊருக்கே ரெயில் இல்லை, மலை மேல் பொம்மை ரெயில் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். கம்பம் பள்ளத்தாக்குக்கு ரெயில் பாதை கேட்பதை விடவே கூடாது.

ஆனால் 2023 ஜூனில் இருந்து போடிக்கு அகல ரெயில் வந்துவிட்டது. மேலே குட்டி ரெயில் ஓடினால், சுற்றுலாப் பயணி போடியில் இறங்கி மலை ஏறலாம். ஜீப் டிரைவர், டீக்கடைக்காரர், லாட்ஜ்காரர் என்று பல குடும்பம் பிழைக்கும். கேட்காமல் விட்டால் கூட்டம் முழுவதும் கொச்சி வழியாகவே வந்து போகும்.

அந்தக் காலத்தில் தேயிலை இறங்கியது நம்ம பக்கம்தான். திட்டம் பேப்பரில் இருக்கும்போதே கொட்டகுடிக்கும் போடிக்கும் அதில் இடம் கேட்க வேண்டியது நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் வேலை. தண்டவாளம் போட்ட பிறகு கேட்டால் வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடியும்.