"பேசிடும், பேசிடும்"னு சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை இருப்பவர்களாவது முழுதாகப் படியுங்கள். அந்தக் குழந்தைகளின் தாத்தா பாட்டிகள் கட்டாயம் படியுங்கள். என் சண்டையே உங்களோடுதான்.

போன வாரம் தெரிந்த குடும்பம் ஒன்று வீட்டுக்கு வந்தது. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கணவன், மனைவி, கணவனின் அம்மா, இரண்டு வயது மூன்று மாதப் பையன். ஒரு வயதில் "அம்மா", "தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது அதையும் நிறுத்திவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இருந்த ஒரு மணி நேரமும் என் தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றவள் வாயே திறக்கவில்லை. மாமியார்தான் பேசினார். "நீங்க முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணாங் கிளாஸ் எடுத்தவங்க. எத்தனை பிள்ளைங்களப் பாத்திருப்பீங்க! ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னு நீங்களே இவளுக்குச் சொல்லுங்க டீச்சர். கண்டதையும் போன்ல படிச்சிட்டு ராத்திரியெல்லாம் அழுவுறா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. "முதல்ல காது டெஸ்ட் பண்ணுங்க. குழந்தை டாக்டர்கிட்ட ஆட்டிசம் இருக்குதான்னும் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "நல்ல வார்த்தை சொல்லுவீங்கன்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே இரண்டு பேர் போன் செய்து கண்டித்தார்கள். "நீங்க என்ன டாக்டரா? குழந்தைக்கு எதுக்கு வியாதிப் பேர் வைக்கிறீங்க?"

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் படித்தேன். அதனால்தான் டாக்டரிடம் போகச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல, தானாப் பேசிடும்" என்று சொல்வதும் ஒரு வைத்தியத் தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பைச் சொல்ல நீங்கள் எந்த மருத்துவக் கல்லூரியில் படித்தீர்கள்?

வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." சராசரியில் பெண் குழந்தைகள் கொஞ்சம் முந்துவது உண்மை. ஆனால் அது சில மாத வித்தியாசம், வருஷக் கணக்கு இல்லை. இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டிசம் கண்டறியப்படும் பிள்ளைகளில் ஆண் பிள்ளைகள்தான் பல மடங்கு அதிகம். அப்படியிருக்க, யாரைச் சீக்கிரம் காட்ட வேண்டுமோ அவனைத்தான் "ஆம்பளப் பிள்ளை" என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.

"குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசல." படித்தவர்கள் சொல்லும் சமாதானம் இது. பேசாதிருந்த குழந்தை திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்ற கதையை நானும் வகுப்பில் சொன்னவள்தான். ஆனால் அந்தக் கதையைச் சரியாகப் படியுங்கள் ஐயா. அவரைப் பெற்றவர்கள் "தானாப் பேசிடும்" என்று ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனார்கள், விரதம் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குத் தெரிந்த பெரிய இடம் அது. உங்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய் வரலாம். நீங்கள் போகவில்லை.

"வசம்பு தடவுங்க, கோயில் மணியில தண்ணி ஊத்திக் குடுங்க." சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. மணக்குள விநாயகரை நானும் கும்பிடுகிறேன். கும்பிட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு மண்டலம், இன்னொரு மண்டலம் என்று தள்ளிப்போடுவதுதான் தப்பு.

"ரெண்டு மூணு பாஷை பேசுறதால குழந்தை குழம்புது." இது நம் பாண்டிக்கே உரிய சமாதானம். ஆயாவிடம் தமிழ், பிரான்ஸில் இருக்கும் பெரியப்பாவோடு வீடியோ காலில் பிரெஞ்சு, பிளே ஸ்கூலில் இங்கிலீஷ். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள், நன்றாகவே பேசினார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா மொழியிலும் சேர்த்து எத்தனை வார்த்தை சொல்கிறது என்று எண்ணுங்கள். எதிலுமே இல்லை என்றால் மொழியின் மேல் பழி போடாதீர்கள்.

"அம்மாக்காரி போனைக் குடுத்துக் கெடுத்துட்டா." இதுதான் எனக்கு அதிகக் கோபம் வரும் இடம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். நானும் அதைத்தான் சொல்கிறேன், போனை வாங்கி உள்ளே வையுங்கள். ஆனால் "ஆறு மாசம் போனை நிறுத்திப் பாப்போம், அப்புறம் டாக்டர்" என்பது காத்திருப்பதற்கு இன்னொரு பெயர். போனை இன்றைக்கே நிறுத்துங்கள், டாக்டரிடமும் இந்த வாரமே போங்கள்.

பெற்றவள் மேல் பழி போடுவது புதிதும் இல்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். அதன் பிறகு பல வருஷங்கள், தாயிடம் பாசம் போதாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே எழுதினார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதையே ஒரு புத்தகமாகப் போட்டார். எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்! அது தவறு என்று அறிவியல் எப்போதோ தள்ளிவிட்டது. நம் வீட்டுக் கூடங்களில்தான் இன்னும் தள்ளவில்லை. "வேலைக்குப் போறா, அதான்" என்று இன்றும் சொல்கிறார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்பதும் இதே வகை. 1998இல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? ஒரு வயதில் மழலையும் இல்லை, கை காட்டுவது, டாட்டா சொல்வது போன்ற சைகையும் இல்லை என்றால். 16 மாதத்தில் ஒரு தனி வார்த்தைகூட இல்லை என்றால். 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்த்துத் தானாகச் சொல்லவில்லை என்றால். எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனால். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். மொட்டை மாடியில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம் இல்லையா? நீங்கள் விரலை நீட்டினால் குழந்தை எதைப் பார்க்கிறது? நிலாவையா, உங்கள் விரலையா, இரண்டையுமே இல்லையா? காக்காயைப் பார்த்ததும் தானே விரல் நீட்டி, "நீயும் பாரேன்" என்பது போல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காக உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலில் முதல் கேள்வியே கிட்டத்தட்ட இதுதான். நம் ஆயாக்கள் பரம்பரையாகச் செய்துவந்த பரீட்சை இது. அதன் விடையை மட்டும் பார்க்க மறுக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தாமதமாகப் பேசும் எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் இல்லை. பல பிள்ளைகள் பிறகு நன்றாகவே பேசிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை அதில் சேர்த்தியா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒரு நாள் போகும், ஆட்டோ காசு போகும். போகாமல் இருந்து ஏதாவது இருந்தால், மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும் வருஷங்கள் போய்விடும். அவை திரும்ப வராது. காது கேட்காத குழந்தைக்கும் இதே கணக்குதான். அக்காள் மகள், மாமன் மகள் கட்டுகிற ஊர் நம்முடையது. நெருங்கிய உறவில் கட்டும்போது பிறவியிலேயே காது கேளாமை வர வாய்ப்பு கூடுகிறது. கருவி வைக்கவோ அறுவை சிகிச்சை செய்யவோ எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். கதவைத் தட்டினால் திரும்புகிறதே என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முறையாக டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

இவ்வளவு கோபமாக எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

1990களின் நடுவில் என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சிலேட்டுக் குச்சிகளை வரிசையாக அடுக்குவான். யாராவது கலைத்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். "உன் பேர் என்ன?" என்று கேட்டால் அவனும் "உன் பேர் என்ன?" என்பான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். ஸ்கேலால் கையில் அடித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கேட்டதையே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தின் ஓர் அடையாளம் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். எனக்குக் கொடுத்த பயிற்சியில் அந்தச் சொல்லே இல்லை. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது, அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அந்தப் பெயர் வந்தது. இதெல்லாம் காரணம்தான். அவன் கையில் விழுந்த அடிக்கு இது சமாதானம் ஆகாது.

அவனுடைய அம்மா என்னிடம் தனியாக வந்து கேட்டார். "இவனை எங்கயாவது காட்டணுமா டீச்சர்?" நான் சொன்னேன்: "பொறுங்கம்மா, போகப் போகச் சரியாயிடுவான்." டீச்சர் சொல்லிவிட்டாரே என்று அவரும் பொறுத்தார். மூன்று வருஷத்தில் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

இப்போதும் பெரிய மார்க்கெட்டில் அந்த அம்மாவைப் பார்க்கிறேன். எழுபது தாண்டிவிட்டது. நரை தட்டிய மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் காய் வாங்குகிறார். என்னைக் கண்டால் "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று கும்பிடுவார். போன முறை "எனக்கு அப்புறம் இவனை யாரு பாப்பாங்கன்னுதான் தெரியல" என்றார். ஒரு வார்த்தை என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்கு 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசமும் உண்டு, பேச்சு மொழிக் குறைபாடும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எங்கே போவது? ஜிப்மரில் குழந்தைகள் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு, மனநலப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 முதல் தேசியத் திட்டம் ஒன்று (ஆர்.பி.எஸ்.கே.) இருக்கிறது, கேளுங்கள். சிறப்புப் பயிற்சிக்கு நம் ஊரிலேயே சத்யா சிறப்புப் பள்ளி பல வருஷமாக நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடமும் சிறப்பு ஆசிரியரிடமும் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்வது 1992ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஸ்டெம் செல் ஏற்றிக் குணமாக்குகிறேன் என்று லட்சக் கணக்கில் கேட்பவர் பக்கமே போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. ஆட்டிசம் மருந்து கொடுத்துப் போக்கும் வியாதி இல்லை. அந்தப் பிள்ளை உலகத்தைப் பார்க்கும் விதமே வேறு. அதற்கேற்ற பயிற்சியைச் சீக்கிரம் கொடுத்தால், வாயாலோ படத்தாலோ சைகையாலோ தனக்கு வேண்டியதைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். பெயர் வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சியை முன்பே தொடங்கலாம்.

போன வாரம் வந்த அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. அம்மாடி, இந்தப் பதிவை நீ படிப்பாய் என்று தெரியும். நீ ராத்திரி அழுதது பைத்தியக்காரத்தனம் இல்லை. வீட்டில் முதலில் கவனித்தவள் நீதான். கூட வர ஆள் இல்லை என்றால் சொல், ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நான் நிற்கிறேன்.

உன் மாமியாரிடம் சொல், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னதையேதான் நானும் சொன்னேன்.

தெரிந்தவர்கள் வீட்டில் பேசாத குழந்தை இருந்தால் இதைப் பகிருங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.