டயருக்கும் ஒரு ஜாதகம்

சென்ற இதழில் எங்கள் மோட்டார்ஹோமைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றுகிறீர்களே அம்மா, பயமாக இல்லையா?" என்று சகோதரிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். பயம் உண்டு. ஆனால் திருடனிடம் அல்ல, டயரிடம்!

36 அடி நீளம். சமையலறை, குளியலறை, கட்டில் எல்லாம் உள்ளே. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஆக ஆறு லாரி டயர்களின் மேல்தான் எங்கள் குடித்தனம். 2019இல் இன்னொருவரிடமிருந்து வாங்கினோம்.

2024 மே மாதம் மகளும் பேரன் பேத்தியும் வந்திருந்தார்கள். ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போவதாக ஏற்பாடு. முதல் நாள் வண்டியைக் கழுவும்போது பார்க்கிறேன், டயரின் பக்கவாட்டில் வெயிலில் காய்ந்த களிமண் மாதிரி மெல்லிய வெடிப்பு. இவரைக் கூப்பிட்டேன்.

"பட்டன் பாரு, புதுசு மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றார்.

இவர் சொன்னதும் பொய்யில்லை. இந்த மாதிரி வண்டிகள் ஓடுவது கொஞ்சம், நிற்பது அதிகம். அதனால் டயர் தேய்வதற்கு முன்னே கிழடாகிவிடுகிறது. குக்கர் காஸ்கெட் நமக்குத் தெரியாதா? தேயாமலே இறுகிப்போய் ஒருநாள் காலை வாருகிறதே, அதே கதைதான். ஓடிக்கொண்டே இருந்தால் ரப்பருக்குள் இருக்கும் பாதுகாப்புச் சத்து மேலே வந்து காக்கும். அரிசோனா வெயிலில் மாதக்கணக்கில் நின்றால்?

மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற நாம், டயரிலும் பார்க்கலாம். டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் அதன் ஜாதகம். வெளிப்பக்கம் காணோம். இவர் டார்ச்சோடு குனிந்து உள்பக்கம் படித்தார்: 1914.

"என்னங்க, முதல் உலகப் போர் டயரா?"

19ஆவது வாரம், 2014ஆம் வருஷம். சரியாகப் பத்து வயது! ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் பத்தில் மாற்றிவிடுங்கள் என்கிறது மிஷலின் கம்பெனி. பலர் ஆறேழு வருஷத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். பின்னால் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு இந்தச் சோதனை வேண்டாம் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டோம். பேரன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

கடையில் வேறு கூத்து. "அளவு இதேதான், விலை குறைவு" என்று ஒன்றைக் காட்டினார்கள். பழைய டயரில் 'எச்' என்று இருந்த இடத்தில் இதில் 'ஜி'. அந்த எழுத்துதான் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்குக் குறி. ஜி, எச்சைவிடக் குறைவாகத்தான் தாங்கும். அளவு பொருந்தினால் ஆயிற்றா? 1996 முதல் 2003 வரை செய்த குட்இயர் ஜி159 டயர்களில் ஓர் அளவு, மோட்டார்ஹோம்களில் பழுதாகி உயிர்ச்சேதம் வரை போனதாக அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லி, 2022இல்தான் திரும்பப் பெற்றார்கள். டயரில் குறையில்லை என்பது கம்பெனியின் வாதம். யார் சொல்வது சரியோ, நான் எச்சைவிட்டு இறங்கவில்லை. அது மட்டுமா? வந்த ஆறில் இரண்டு, மூன்று வருஷமாகக் கடையிலேயே தூங்கியவை. புது விலை கொடுத்துப் பழசு எதற்கு? திருப்பி அனுப்பினேன்.

பிறகு எடை. லாரிகள் நிற்கும் இடத்தில் எடை மேடை இருக்கிறது. காலி வண்டியை எடை போட்டுப் பயனில்லை. தண்ணீர்த் தொட்டி நிறைய (100 காலன் என்றால் சுமார் 375 கிலோ!), அரிசி மூட்டை, கிரைண்டர், குழந்தைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். இடம் வலம் தனித்தனியே பார்த்ததில் என் சமையலறைப் பக்கம்தான் அதிகம் என்று தெரிந்து, இவர் சிரித்த சிரிப்பு! கனமான பக்கத்துக்கு எவ்வளவு காற்று என்று கம்பெனி அட்டவணையில் பார்த்து, அதே அச்சில் எதிர்ப்பக்கமும் அதே அளவு அடிக்க வேண்டும். அதுவும் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். ஜோடி டயரில் உள்ளே இருப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், கை எட்டாதே! அதன் வால்வுக்கு நீட்டுக்குழாய் போட்டுக்கொண்டோம். நிற்கும்போது வெயில் படாமல் வெள்ளை உறை நானே தைத்தேன். இரண்டு பழைய திரைச்சீலை செலவு.

பத்து நாள் தாமதமாகக் கிராண்ட் கேன்யன் போனோம். முகாமில் பேத்திக்குப் புது விளையாட்டு, ஒவ்வொரு வண்டியாக டயர் ஜாதகம் படிப்பது. "பாட்டி, இது 2012!" என்று கத்தினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வண்டியிலிருந்து என் வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கி வந்தார், தனியாகப் பயணம் செய்பவர். கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தால், "எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று பேத்தியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டார்.